ஒத்திகையில் இல்லாத அறை

வீட்டில் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருந்தது. சலவை ஆலையின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. எல்லாருக்கும் அவள் நெட்டை. பதினாலு வயதில் விறுவிறுவென்று வளர ஆரம்பித்தவள் பதினெட்டில்தான் நின்றாள். அதற்குள் அம்மாவின் தலை அவள் தோளுக்குக் கீழே போய்விட்டது. "விளக்குக் கம்பத்துக்கு மாப்பிள்ளை பாக்கிற மாதிரி இருக்குடி எனக்கு" என்று அம்மா புலம்புவாள். வீட்டில் இருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிற அம்மா, தலை நிமிர்ந்து மகளைப் பார்ப்பதற்குக்கூடக் கழுத்து வலிக்கிறது என்பாள்.

ஆலையில் அந்த உயரத்துக்கு மரியாதை இருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவது அங்கே வேலை. ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு இருக்கும் சூட்டு உருளைக்குள் இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈரத் துணியைக் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் அது அப்பளம் மாதிரி மொரமொரவென்று வெளியே வரும். அதைப் பிடித்து, நாலு முனையும் சேர்த்து, தரையில் படாமல் மடிப்பது நெட்டையும் மடிப்பு அக்காவும். அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மடித்தாலும் ஓரம் ஒரு நூல் பிசகாது என்பதால் அந்தப் பெயர். மற்ற பெண்கள் முக்காலி போட்டு ஏறிச் செய்கிற வேலையை நெட்டை நின்ற இடத்திலேயே கையைத் தூக்கிச் செய்துவிடுவாள். "கடவுள் உன்னை விரிப்பு மடிக்கிறதுக்குன்னே அளவெடுத்துப் படைச்சிருக்காரு" என்பாள் அக்கா.

வேன்காரனோடு பழக்கம் ஏற்பட்டது ஏற்றுமேடையில். மடித்த கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன். அவளை விட நாலு விரற்கடை குட்டை. முதல் நாள் அவளிடம் கையெழுத்து வாங்க வந்தவன் கீழே இறங்காமல் வேனின் பின்பலகை மேலேயே நின்றுகொண்டு சீட்டை நீட்டினான்.

"இறங்கி வந்து குடுக்க மாட்டீங்களோ?" என்றாள்.

"இங்க நின்னாத்தான் உங்ககூட சரிசமமாப் பேச முடியும். இறங்கினா உங்க முழங்கைகிட்ட பேசணும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை அவள் உயரத்தைக் கேலி செய்த ஆண்கள் எல்லாரும் அவளைக் குறைத்துத்தான் கேலி செய்திருந்தார்கள். இவன் தன்னைக் குறைத்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவள்தான். ஒன்றரை வருஷம் கட்டுக் கட்டாக விரிப்பும் தலையணை உறையும் ஏற்றியபடியே காதலித்தார்கள். அவனுக்கு அப்பா அம்மா இல்லை, ஒரே ஒரு அக்கா. அந்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பெண் கேட்டாள். அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளை குட்டை என்பதைக்கூட, "குனிஞ்சு பேசினா சரியாப் போச்சு" என்று சிரித்தே தாண்டினாள். ஆறு மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நாடகம் வந்தது அதற்கு அப்புறம்தான்.

தொழிலாளர் சங்கங்களுக்கு இடையே வருஷா வருஷம் நாடகப் போட்டி நடக்கும். சலவை ஆலையின் பேரில் அதுவரை யாரும் கலந்துகொண்டதில்லை. அந்த வருஷம் பாய்லர்க்காரருக்கு ஆசை வந்துவிட்டது. கொதிகலன் அறையில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எட்டு மணி நேரத்தில், நீராவிப் பதிவேட்டின் பின்பக்கங்களில் அவர் ஒரு முழு நாடகத்தையே எழுதிவிட்டார். உழைக்கும் இளைஞர்களின் காதல் கதை என்றார். ஒரு துணி ஆலைத் தொழிலாளி, அங்கேயே இஸ்திரி போடும் ஒரு பெண். இருவரும் காதலிக்கிறார்கள். அவள் ஒரு விடுதிக் குமாஸ்தாவோடு சிரித்துப் பேசுவதை நாயகன் பார்த்துவிடுகிறான். இரண்டாம் அங்கத்தில் அவளை ஓங்கி அறைகிறான். அவள் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். பிறகுதான் தெரிகிறது, அந்தக் குமாஸ்தா அவளுக்கு அண்ணன் முறை. நாயகன் அவளைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறான். சுபம்.

நாயகனும் நாயகியும் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நிஜக் காதலர்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கூடத்து மேசைகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். திரை இழுக்கும் பொறுப்பு மடிப்பு அக்காவுக்கு. முதல் தடவை கதையை முழுசாகக் கேட்டதும் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணன்கூடப் பேசினதுக்கு அடியும் வாங்கிட்டு, மன்னிப்பும் அவளே கேக்கணுமாக்கும்?"

"அது காதல்ம்மா" என்றார் பாய்லர்க்காரர். "அந்த இடத்துலதான் ஜனம் கைதட்டும். எனக்குத் தெரியும்."

"எங்களுக்கும் தெரியும். ஆனா அறையை எடுத்துட்டா என்ன? கோவமா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டுமே" என்றாள் நெட்டை.

"ரெண்டு வார்த்தைக்கு யாரு டிக்கெட் வாங்கி வருவா?"

வேன்காரன் சிரித்தான். "நான் உன்னை அடிக்கணும்னா முதல்ல ஸ்டூல் தேடணும். பயப்படாத."

அறையை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவன் கையை ஓங்கி அவள் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் வீசுவான். அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். அதே நேரம் திரைக்குப் பின்னால் மடிப்பு அக்கா, நனைத்துச் சுருட்டிய ஒரு தலையணை உறையை மேசையில் ஓங்கி அடிப்பாள். பளார் என்று கேட்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு உணவுக்கூடத்துச் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். இருபது தடவையாவது ஒத்திகை பார்த்திருப்பார்கள். ஒரு தடவைகூட அவன் விரல் அவள் மேல் பட்டதில்லை.

போட்டி நாள் மாலை பொது அரங்கம் நிறைந்து வழிந்தது. ஆறு சங்கங்கள், அறுநூறு பேர். சலவை ஆலைக்காரர்கள் ஒரு பக்கமாகக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இரண்டாவது வரிசையில், வேன்காரனின் அக்காவுக்குப் பக்கத்தில். இருக்கிறதிலேயே நல்ல புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகள் மேடையேறுவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கப் போகிறாள்.

வேன்காரன் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் காலணிக்கு இரண்டு விரல் உயரத்துக்குக் குதிகால் வைத்திருந்தான். நெட்டை தட்டைச் செருப்பு போட்டிருந்தாள். அப்படியும் வித்தியாசம் தெரியத்தான் செய்தது. முதல் அங்கத்தில் இருவரும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவன் அவள் கண்ணைப் பார்த்துக் காதல் வசனத்தை ஆரம்பித்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி, ஏணி கொண்டு வரவா?"

அரங்கமே குலுங்கியது. சலவை ஆலைக்காரர்களும் சிரித்தார்கள். நெட்டைக்கே உதட்டோரம் துடித்தது. இந்தக் கேலியை அவனே எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று நினைத்தாள். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வசனத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து நின்ற ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது ஒரு சிரிப்பு வெடித்தது. "என் உயிரே" என்று அவன் சொன்னதற்கும் சிரித்தார்கள்.

இடைவேளையில் திரைக்குப் பின்னால் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"விடு. நீயே சொல்ற ஜோக்குதானே அது?"

"நான் சொல்றது வேற" என்றான். தண்ணீரை வாங்கவில்லை.

இரண்டாம் அங்கம். குமாஸ்தாவாக வந்த கணக்குப் பிரிவுப் பையன் சிரித்துப் பேசிவிட்டு உள்ளே போனான். வேன்காரன் மேடைக்கு வந்தான். "யாரவன்?" என்று கேட்டான். ஒத்திகையில் கேட்டதை விடச் சன்னமாகக் கேட்டான். அவள் தனக்கு எழுதிய பதிலைச் சொன்னாள். அவன் கையை ஓங்கினான். வழக்கம்போல அவள் தலையைத் திருப்ப ஆரம்பித்தாள்.

அறை விழுந்தது.

வலி முதலில் தெரியவில்லை. காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் ஓடியது. அரங்கத்து விளக்குகள் ஒரு கணம் இடம் மாறி நின்றன. அதற்குப் பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, திரைக்குப் பின்னாலிருந்து தலையணை உறையின் பளார் கேட்டது. இரண்டு சத்தம். ஒன்று கன்னத்தில், ஒன்று மேசையில். தனக்கு நடந்தது என்ன என்று நெட்டைக்கு உறைத்தது அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்ட பிறகுதான்.

அரங்கம் கைதட்டியது. சும்மா தட்டவில்லை, எழுந்து நின்று தட்டினார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அதே கூட்டம். "அப்படிப் போடு!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். ஏணி கேட்டவனின் குரல் மாதிரியே இருந்தது. நெட்டை கூட்டத்தைப் பார்த்தாள். கண் தானாக இரண்டாவது வரிசைக்குப் போயிற்று.

அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெட்டைக்குப் பதினோரு வயதாகும் வரை அப்பா உயிரோடு இருந்தார். அவர் கை நீண்ட கை. அம்மாவின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்த காலைகளை நெட்டை எண்ணி வைத்ததில்லை, மறந்ததும் இல்லை. அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புகை கண்ணுல பட்டுருச்சு" என்பாள் அம்மா. அப்பா போனபின் அந்த வீட்டில் யாரும் யார் மேலும் கை ஓங்கியதில்லை. உலகத்தில் யார் கைதட்டினாலும் அம்மா தட்டுவாளா என்று நெட்டை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத விஷயம் அது.

இப்போது முகமெல்லாம் பூரிப்போடு, வேகவேகமாக, பக்கத்து நாற்காலிக்காரியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு அம்மா தட்டினாள்.

நெட்டை அடுத்து மண்டியிட வேண்டும். மண்டியிட்டு, "என்னை மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பிக்கும் எட்டு வரிகளைச் சொல்ல வேண்டும். எட்டு வரியும் மனப்பாடமாக இருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. வேன்காரன் உதட்டை அசைக்காமல், "உக்காரு" என்றான். அவள் மேடையின் விளிம்புக்கு நடந்து வந்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வசனம் பேசுகிற குரலில் அல்லாமல் சாதாரணமாகச் சொன்னாள்.

"இவன் நிஜமாவே அடிச்சுட்டான்."

முன்னதை விடப் பலமாகக் கைதட்டல்.

"நாடகம் இல்லைங்க. நிஜமா அடிச்சுட்டான். ஒத்திகைல இது இல்ல."

விசில் பறந்தது. நடுவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டி எழுதிக்கொண்டார். நெட்டை அறுநூறு பேர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறாள், அறுநூறு பேரும் அதை நடிப்பு என்று ரசிக்கிறார்கள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிணற்றுக்குள் விழுந்தவள் கத்த, மேலே நிற்கிறவர்கள் நல்ல பாட்டு என்பது மாதிரி இருந்தது. மேடையின் பக்கவாட்டுப் படிகளில் இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே, அம்மாவின் வரிசையைக் கடந்து, வாசலை நோக்கி நடந்தாள். அதுவும் நாடகத்தின் பகுதி என்று நினைத்துச் சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். அவள் வாசலைத் தாண்டிய பிறகுதான் கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. மேடையில் வேன்காரன் தனியாக நின்றான். மடிப்பு அக்கா யாரையும் கேட்காமல் திரையை இழுத்து மூடினாள்.

வெளியே அரங்கத்துப் படிக்கட்டில் அக்கா அவளைக் கண்டுபிடித்தாள். கையில் இன்னும் அந்த ஈரத் தலையணை உறை இருந்தது. அதை மடித்துக் கன்னத்தில் ஒத்தினாள்.

"நான் லேட்டா அடிச்சேன்னு முதல்ல என்னையே திட்டிக்கிட்டேன்டி. அப்புறம்தான் தெரிஞ்சுது, சத்தம் முன்னாலயே வந்துருச்சுன்னு."

அன்று இரவே பரிசு அறிவித்தார்கள். முடிவு புதுமையாக இருந்ததென்று நாடகத்துக்கு முதல் பரிசு. சிறந்த நடிகைக்கான கோப்பை நெட்டைக்கு. அவள் சார்பில் பாய்லர்க்காரர் போய் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். எல்லாரும் எப்படிப் பாராட்டினார்கள், மாப்பிள்ளையின் அக்கா எப்படிப் பெருமைப்பட்டாள். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டதும்தான் மகளின் முகத்தைப் பார்த்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. விரல் தடம் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நடிப்புன்னு நெனச்சேன்டி."

"நடிப்புன்னாலும் நீ எதுக்கும்மா கைதட்டின?"

அம்மா துணி நனைத்துவர உள்ளே போனாள்.

மறுநாள் ஆலையில் கோப்பையை வைத்து ஊர்வலம் போகாத குறை. ஆண்கள் தரப்பில், "ஒரு கலைஞன்னா அப்படித்தான், வேகத்துல கை பட்டுருக்கும்" என்றார்கள். பெண்களில் பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். மீதிப் பாதி, "கட்டிக்கப் போறவன்தானே, இதைப் போயி பெரிசாக்குவாங்களா?" என்றார்கள். பதினோரு மணிக்குப் பாய்லர்க்காரர் நீராவிப் பதிவேட்டோடு உருளைப் பக்கம் வந்தார். முகத்தில் நூறு விளக்கு எரிந்தது.

"இன்னும் ரெண்டு இடத்துல நம்ம நாடகத்தைக் கேட்டிருக்காங்கம்மா. ஒரே ஒரு மாத்தம் பண்ணியிருக்கேன், பாரு."

பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அறைக்குக் கீழே புதிதாக, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: நாயகி (கன்னத்தில் கை வைத்து): இவன் நிஜமாவே அடிச்சுட்டான். நாடகம் இல்லைங்க. நிஜமா அடிச்சுட்டான்.

நெட்டையின் கையிலிருந்த விரிப்பின் முனை நழுவித் தரையில் விழுந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு துணியும் தரையில் விழுந்ததில்லை.

"முப்பது வருஷமா எழுதினாலும் எனக்கு இப்படி ஒரு வரி வராது. எப்படிம்மா அந்த நேரத்துல தோணிச்சு?"

"அண்ணே, அது வசனம் இல்ல. நான் உங்களையெல்லாம் உதவிக்குக் கூப்பிட்டேன்."

பாய்லர்க்காரர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் பதிவேட்டில் இருந்த வரியை அடிக்கவில்லை. மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கோப்பையை நெட்டை தொடவில்லை. அதில் யாரோ துணிக் கிளிப்புகளைப் போட்டு வைத்தார்கள்.

அன்று மாலை ஏற்றுமேடையில் வேன்காரன் வண்டியின் மேலே நிற்காமல் கீழே இறங்கி நின்றான்.

"உன்மேல கோவமே இல்ல. சத்தியமா. அந்த ஏணி கேட்டவன்மேலதான் கோவம்."

"அப்ப அவனை அடிச்சிருக்கணும்."

"அவனை எப்படி அடிக்கிறது? அவன் யாருன்னே தெரியாது. ஆளு எப்படி இருப்பான்னும் தெரியாது."

"நான் யாருன்னு தெரியும். நான் எப்படி இருப்பேன்னும் தெரியும். அதனால அடிச்சே."

அவன் கட்டுச்சீட்டை நீட்டினான். பிறகு, "அத்தனை பேரு முன்னால என்னைக் காட்டிக்குடுத்துட்டே. மண்டி போட்டிருந்தா ஒரு குட்டிச் சண்டையோட போயிருக்கும்" என்றான். நிஜமாகவே மனம் நொந்து சொன்னான். ஒன்றரை வருஷமாகத் தன்னையே கேலி செய்துகொண்டவன் அந்தக் கேலியை இன்னொருவன் வாயிலிருந்து வந்தபோது தாங்கவில்லை. அவள் பார்த்துப் பழகியது பாதி ஆளைத்தான் என்று அப்போது தோன்றியது. கட்டுச்சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தாள். நாலாவது நாள் அம்மாவே வாயைத் திறந்தாள். ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியை நிறுத்தாமல், மகளைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏன் கைதட்டினேன்னு கேட்டியே."

"விடும்மா."

"நீதான் கதை சொன்னே எங்கிட்ட. அவன் அடிப்பான், அவ மண்டி போடுவா, அப்புறம் அவன் கைகுடுத்துத் தூக்கி நிறுத்துவான்னு. அந்தத் தூக்கி நிறுத்துறதைப் பாக்கத்தான் நான் முதல்லருந்து காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அடி விழுந்ததும், இதோ வரப் போவுதுன்னு கை தானா தட்டிருச்சு." ஊசி நின்றது. "உங்கப்பா ஒரு நாளும் தூக்கி நிறுத்தினதில்லடி. ஒரே ஒரு நாள்கூட."

நெட்டை பதினோரு வருஷம் ஒரே அறையில் படுத்து, அடிக்கிற சத்தத்தைக் கேட்டு, அம்மாவுக்கு வேண்டியது அடி நிற்பது என்று நினைத்திருந்தாள். அம்மா அவ்வளவுகூட ஆசைப்படவில்லை. அடிக்குப் பிறகு ஒரு கையைத்தான் எதிர்பார்த்திருக்கிறாள். இதைக் கேட்பதற்குப் பதில் இன்னொரு அறை வாங்கியிருக்கலாம் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன்காரன் தன் அக்காவோடு வந்தான். அக்காதான் பேசினாள். சின்னஞ்சிறுசுகள் சண்டை, பெரியவர்கள் சமாதானம் செய்துவைக்க வேண்டும் என்றாள். நெட்டை பதில் சொல்ல எழுந்தாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். வாழ்நாளில் யாரிடமும் குரலை உயர்த்தாத அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"பொண்ணு வேண்டாங்குறா. எனக்கும் வேண்டாம்."

"என்னங்க இது, ஒரே ஒரு அடிக்கு..." என்று இழுத்தாள் மாப்பிள்ளையின் அக்கா.

"எனக்கும் முதல்ல ஒரே ஒரு அடிதான் விழுந்துச்சு" என்றாள் அம்மா. கதவை அடைக்கவில்லை. அவர்கள் இறங்கித் தெருமுனை திரும்பும் வரை அங்கேயே நின்றாள். வேன்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி இருந்தான். அவனுக்கு அப்போதும் தான் செய்தது என்னவென்று விளங்கியதா என்று நெட்டைக்கு இன்றுவரை தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு கல்யாணம் நின்ற கதை. முடியவில்லை.

நாடகத்துக்கு வேறு பெண்ணைப் போட்டார்கள். தலையணை உறை எண்ணுகிற பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், பத்தொன்பது வயது, வேன்காரனின் தோளுக்குத்தான் வருவாள். யாரும் இனிமேல் ஏணி கேட்க முடியாது. மடிப்பு அக்கா திரை இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வேறு ஆள் இழுத்தார். இரண்டாவது அரங்கேற்றம் ஒரு சனிக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை காலை அந்தப் பெண் உருளைப் பக்கம் வந்து நெட்டைக்கு முன்னால் நின்றாள். கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

"அக்கா, அவரு நிஜமாவே அடிச்சுட்டாரு."

நெட்டைக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. வசனத்தைச் சொல்லிக் காட்டுகிறாளா, நடந்ததைச் சொல்கிறாளா? பாய்லர்க்காரர் எழுதிய அதே வரி. பெண் கையை எடுத்தாள். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்திருந்தது.

"மேடையிலயும் சொன்னேன்க்கா. அதான் என் வசனமே, எப்படிச் சொன்னா நம்புவாங்க? எல்லாரும் தட்டினாங்க. அடி நிஜமா விழுந்தாத்தான் காட்சி நிக்குதுன்னு முன்னாலயே பேசி வச்சிருந்தாங்களாம். எங்கிட்ட மட்டும் சொல்லல."

நெட்டை உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கை நீட்டி அமுக்கியபோது தன் கைதான் அது என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தப் பொத்தானை அவசரத்துக்குத் தவிர யாரும் தொடக்கூடாது. விரிப்பு பாதியில் நின்றது. மடிப்பு அக்கா பக்கத்து உருளையையும் நிறுத்தினாள். சத்தம் நின்ற ஆலை எப்படி இருக்கும் என்று அங்கே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. பதினேழு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்கள். வாசலில் பாய்லர்க்காரர் எதிரே வந்தார். அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது நாடகத்துல நடந்தது. நாடகத்தோட போகட்டுமே" என்றார்.

"நாடகம் போயிருச்சு சார். கன்னம் இங்கதான இருக்கு" என்றாள் நெட்டை.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பெண்ணின் முகத்தை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தார். புகார் எழுத்தில் பதிவானது. மூன்றாவது அரங்கேற்றத்தைச் சங்கம் ரத்து செய்தது. வேன்காரன் இன்னொரு தடத்துக்கு மாற்றப்பட்டான். கொஞ்ச நாளில் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. பாய்லர்க்காரர் ஒரு மாதம் பெண்கள் பக்கம் வரவே இல்லை. பிறகு ஒரு நாள் மதியம் வந்து நெட்டையிடம், "நான் கைதட்டலை மட்டும்தான் கேட்டேன்ம்மா" என்றார். உட்காருங்கள் என்று அவள் முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நெட்டை இப்போது உருளைப் பிரிவின் பொறுப்பாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ள மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் காஜா வேலையை விட்டுவிட்டாள். தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. தொடரில் யாராவது யாரையாவது அறைந்தால், பக்கத்தில் மகள் இருக்கிறாளா என்றுகூடப் பார்க்காமல் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அடுத்த காட்சிக்குத்தான் திரும்பி வருவாள். அவன் தூக்கி நிறுத்தினானா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.